செத்தால் பாஸ் உண்டு. பார்க்கப் பாஸ் இல்லை!

கொரோனா நாளில் முதியோர் இல்லத்து வாசலில் தவித்த குடும்பங்கள்

சத்தியமங்கலம்:-

சத்தியில் பஸ் ஏறினால் கோவைக்கு 2 மணி நேரம். புளியம்பட்டி, அன்னூர், கோவில்பாளையம், சரவணம்பட்டி. அப்புறம் காந்திபுரம். ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் ஊர் வந்துவிடும்.

இந்த 2 மணி நேரப் பயணம் 2020-ம் ஆண்டில் பலருக்கு மாதக்கணக்கில் ஆனது!

அம்மா அந்தப் பக்கம், முதியோர் இல்லத்தில். மகன் இந்தப் பக்கம், சொந்த வீட்டில். நடுவில் 2 பூட்டு. ஒரு பூட்டு மாவட்ட எல்லையில். இன்னொரு பூட்டு இல்லத்தின் கேட்டில்.

முதல் பூட்டு திறந்தாலும் இரண்டாவது பூட்டு திறக்கவில்லை. அதன் விவரம் வருமாறு:-

முதலில் பூட்டிய ஊர்

கொரோனாவுக்காகத் தமிழ்நாட்டில் முதலில் பெயர் அடிபட்ட மாவட்டங்களில் ஈரோடும் ஒன்று. 2020 மார்ச் 22-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுவதும் மக்கள் ஊரடங்கு. அன்றைக்கே, முடக்கி வைக்க வேண்டிய 75 மாவட்டங்களின் பட்டியல் டெல்லியில் இருந்து வந்தது. தமிழ்நாட்டில் 3 மாவட்டங்கள் அதில் இருந்தன. சென்னை, காஞ்சீபுரம், ஈரோடு.

சத்தி, ஈரோடு மாவட்டம். புளியம்பட்டியும் ஈரோடு மாவட்டம். அதைத் தாண்டி அன்னூர் போனால் கோவை மாவட்டம். அந்த எல்லைதான் முதல் பூட்டு.

மார்ச் 24-ந் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. அன்று நள்ளிரவில் இருந்து நாடு முழுவதும் ஊரடங்கு. பஸ் நின்றது. சத்தி பூ மார்க்கெட்டில் மல்லிகைப் பூவை வாங்க ஆள் இல்லை. அந்தப் பங்குனியில் பண்ணாரி அம்மன் குண்டத்துக்கே பக்தர் கூட்டம் கூட முடியவில்லை.

ஒரு குடும்பத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெயர் வேண்டாம். எந்தத் தெருவிலும் இப்படி ஒரு குடும்பம் இருக்கும்.

மகனுக்குச் சத்தியில் சின்னக் கடை. மகள் பெங்களூரில். அப்பா போய்ச் சேர்ந்து 4 வருடம். அம்மாவுக்கு 78 வயது. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. வீட்டில் தூக்கி உட்கார வைக்க ஆள் இல்லை. அதனால் கோவைப் பக்கம் ஒரு இல்லத்தில் சேர்த்தார்கள். 'தள்ளி விட்டார்கள்' என்று ஊர் பேசும். ஆனால் மகன் ஞாயிறு தவறாமல் பஸ் ஏறிப் போய்விடுவார். தூக்குப்போசியில் ராகிக் களி, கீரைக் கடைசல். அம்மாவுக்கு ஊட்டிவிட்டு, நகம் வெட்டிவிட்டு, மாலை பஸ்சில் திரும்புவார்.

மார்ச் 22-ம் ஒரு ஞாயிறுதான். அன்று பஸ் ஓடவில்லை.

"அடுத்த வாரம் வந்தர்றேம்மா" என்று போனில் சொன்னார்.

அடுத்த வாரம் வரவே இல்லை.

பாஸ் யாருக்கு?

மாவட்ட எல்லையைத் தாண்ட வேண்டுமானால் இ-பாஸ் வேண்டும் என்றது அரசு. பாஸ் வாங்கச் சரியான காரணம் சொல்ல வேண்டும். ஆதாரமும் காட்ட வேண்டும்.

என்ன காரணம்?

திருமணம், நெருங்கிய உறவினர் சாவு, அவசர மருத்துவம். வெளியூரில் சிக்கிக் கொண்டவர்கள் ஊர் திரும்பவும் பின்னர் வழி செய்யப்பட்டது.

கல்யாணமா? கட்டம் உண்டு. சாவா? கட்டம் உண்டு. ஆஸ்பத்திரியா? அதற்கும் உண்டு.

"எங்கம்மா நல்லாத்தான் இருக்குதுங்க. என்னையப் பார்க்கோணும்னு அழுவுதுங்க."

இதற்குக் கட்டம் இல்லை!

அம்மா உயிரோடு நல்லபடியாக இருக்கும் வரை மகனுக்குப் பாஸ் கிடையாது. அம்மா கண்ணை மூடினால் பாஸ் கிடைக்கும். எழுதியவர்கள் இப்படி நினைத்து எழுதவில்லை. கூட்டம் கூடாமல் இருக்க வேண்டும், உயிர் போகாமல் இருக்க வேண்டும் என்றுதான் எழுதினார்கள். ஆனால் இல்லத்தில் தாயை விட்டவர்கள் வாசித்தபோது அதன் அர்த்தம் அப்படித்தான் இருந்தது.

ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு நல்ல செய்தி வந்தது. ஈரோடு மாவட்டத்தில் சிகிச்சையில் இருந்த கடைசி ஆட்களும் குணமாகி வீடு போனார்கள். அப்போதும் எல்லை திறக்கவில்லை.

24 நாள் வாசல்

2020 ஜூன் 1-ந் தேதி தமிழ்நாட்டை 8 மண்டலமாகப் பிரித்தார்கள். கோவை, நீலகிரி, ஈரோடு, திருப்பூர், கரூர், சேலம், நாமக்கல் எல்லாம் முதல் மண்டலம். மண்டலத்துக்குள் போக வர இ-பாஸ் வேண்டாம். பஸ்சும் ஓடியது.

முதல் பூட்டு திறந்தது!

ஆனால் அது 24 நாள்தான். நோய் பரவியதால் ஜூன் 25-ந் தேதி மறுபடி பூட்டு விழுந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக மறுபடி இ-பாஸ். ஆகஸ்டு 17-ந் தேதியில் இருந்து ஆதார் அல்லது ரேஷன் கார்டு எண்ணும் போன் நம்பரும் கொடுத்தால் உடனே பாஸ் என்றார் அன்றைய முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி. செப்டம்பர் 1-ந் தேதி மாநிலத்துக்குள் இ-பாஸ் முறையே ரத்தானது. செப்டம்பர் 7-ந் தேதி மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடியது.

பஸ் ஏறிய மகன்கள் எல்லாம் அம்மாவைப் பார்த்தார்களா? அங்கேதான் இரண்டாவது பூட்டு!

கேட்டில் நின்ற மகன்

"ஒருக்கா பார்த்துட்டுப் போயர்றனுங்க."

"உள்ளே விடறதுக்கு இல்லீங்க. உத்தரவு அப்படிங்க."

முதியோர் இல்லங்களின் கேட்டுகளில் அந்த ஆண்டு இந்தப் பேச்சு கேட்டுக் கொண்டே இருந்தது. வாட்ச்மேன் மேல் தப்பு இல்லை. இல்லத்தை நடத்தியவர்கள் பயந்ததிலும் தப்பு இல்லை. 2020 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் முதியவர்களுக்கு ஒரு அறிவுரை வெளியிட்டது. வீட்டிலேயே இருங்கள், பார்க்க வருகிறவர்களைத் தவிருங்கள், 1 மீட்டர் தள்ளி நில்லுங்கள், சொந்தக்காரர்களோடு போனிலும் வீடியோவிலும் பேசுங்கள் என்றது. ஒரு வீட்டுக்கே இப்படி என்றால், 50 முதியவர்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்துக்கு?

பயத்துக்குக் காரணம் இருந்தது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் கிர்க்லாண்ட் என்று ஒரு ஊர். அங்கே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 2020 பிப்ரவரிக் கடைசியில் கொரோனா புகுந்தது தெரிய வந்தது. சில வாரத்தில் 30 பேருக்கு மேல் பலி! உலகம் முழுவதும் இல்லம் நடத்துகிறவர்களுக்கு அந்தச் செய்தி வயிற்றில் புளியைக் கரைத்தது.

அதனால் கேட் சாத்தப்பட்டது. கொண்டு வந்த பலகாரத்தை வாட்ச்மேனிடம் கொடுக்கலாம். சில இடங்களில் ஜன்னலுக்கு வெளியே நின்று கையாட்டலாம். மற்றபடி போன்தான்.

சரி. காது கேட்காதவருக்குப் போன் எதற்கு? கண் மங்கியவருக்கு வீடியோ எதற்கு?

ஞாபகம் தவறிப்போகும் நோய் உள்ளவருக்கு, சின்னக் கண்ணாடிக்குள் பேசுகிற முகம் தன் மகன்தான் என்று தெரியாது. தொட்டால் தெரியும். குரலை அருகில் கேட்டால் தெரியும். தலையில் எண்ணெய் வைக்கிற கையை வைத்துத் தெரியும். அதெல்லாம் நின்று போனால், சாப்பாடு குறையும், பேச்சு குறையும், படுக்கை கூடும்.

இன்னொன்றும் உண்டு. மகனும் மகளும் சும்மா பார்க்க வருகிறவர்கள் மட்டும் அல்ல. அம்மாவின் முதுகில் படுக்கைப் புண் வந்திருப்பதை முதலில் பார்க்கிறவள் மகள்தான். "மாத்திரை மாறிப் போச்சே" என்று கேட்கிறவன் மகன்தான். பல்செட் உடைந்து 10 நாளாகக் கஞ்சி மட்டும் குடிக்கிறார் என்று கண்டுபிடிக்கிறவர்களும் அவர்கள்தான். அவர்களை வெளியே நிறுத்தினால் நோய் மட்டும் வெளியே நிற்பது இல்லை. கேள்வி கேட்கிற ஆளும் வெளியே நிற்கிறார்.

வேப்பிலைச் சட்டம்

கொங்கு நாட்டுக்குத் தொற்று நோய் புதிது அல்ல. பிளேக் வந்தபோது ஊரையே காலி செய்துவிட்டு வெளியே குடிசை போட்டுத் தங்கியவர்கள் உண்டு. கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோவில் இருக்கிறது.

அம்மை வந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அது பார்த்தால் போதும். வெளியாள் யாரும் படியேற மாட்டார். கடன்காரன்கூட வெளியே நின்று குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். 'பார்க்க வராதே' என்பதுதான் அதன் அர்த்தம். எழுத்து இல்லாத சட்டம். போலீஸ் இல்லாமலே நடந்த சட்டம்.

ஆனால் அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது?

படுத்திருப்பவர் பக்கத்தில் ஒருவர் இருந்தார். ஆத்தாவோ, அமுச்சியோ, ஏற்கனவே அம்மை கண்டு தேறிய ஒருவரோ. அவர் வெளியே போக மாட்டார். வேறு வீட்டில் கை நனைக்க மாட்டார். வேப்பிலையால் வீசிக் கொண்டு, இளநீர் கொடுத்துக் கொண்டு உட்கார்ந்து இருப்பார். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் எழுந்திருப்பார்.

ஊரைத் தடுத்தார்கள். ஒருவரை மட்டும் உள்ளே வைத்தார்கள்.

2020-ம் ஆண்டில் வேப்பிலை நினைவுக்கு வந்தது. உள்ளே இருந்த அந்த ஒருவர் மறந்து போனார்.

கடல் கடந்தும் இதே கதை

நம் ஊரில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2020 மார்ச் 13-ந் தேதி, முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்குள் பார்வையாளர் யாரையும் விட வேண்டாம் என்று மத்திய அரசு சொன்னது. ஒரு விலக்கு கொடுத்தது. அது என்ன தெரியுமா? சாகும் தறுவாயில் இருப்பவரைப் பார்க்கலாம்!

சத்தி இ-பாசும் அமெரிக்க உத்தரவும் ஒரே மாதிரி பேசின. அங்கே கதவு முழுவதும் திறக்க 2021 நவம்பர் 12-ந் தேதி ஆனது. ஏறத்தாழ 20 மாதம்.

நெதர்லாந்து நாட்டில் 2020 மார்ச் 20-ந் தேதி எல்லா முதியோர் பராமரிப்பு இல்லங்களையும் பார்வையாளருக்கு மூடினார்கள். ஆனால் அங்கே சீக்கிரமே யோசித்தார்கள். மே 11-ந் தேதி 26 இல்லங்களை மட்டும் திறந்து சோதனை செய்தார்கள். ஒவ்வொரு முதியவருக்கும் ஒரே ஒரு ஆள். அந்த ஆளை மாற்றக் கூடாது. கை கழுவ வேண்டும், முகமூடி போட வேண்டும், விதியை மீறக் கூடாது.

என்ன ஆனது? அடுத்து வந்த வாரங்களில் அந்த வருகையால் அந்த இல்லங்களில் நோய் புகுந்ததாகத் தெரியவில்லை. வாடி இருந்த முதியவர்கள் முகம் தெளிந்தது. பிறகு மற்ற இல்லங்களும் படிப்படியாகத் திறந்தன.

நம் ஆத்தாக்கள் வேப்பிலை வீட்டில் செய்ததும் இதுதான். ஒரே ஆள்!

பிரேசில் நாட்டில் இன்னொரு யோசனை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் திரையைத் தொங்க விட்டார்கள். அதில் கை நுழைக்க நீண்ட கையுறை. இந்தப் பக்கம் இருப்பவர் அந்தப் பக்கம் இருப்பவரைக் கட்டிப் பிடிக்கலாம். சாவ் பாவ்லோ நகரத்து இல்லம் ஒன்றில் 2020 ஆகஸ்டில் 85 வயது மூதாட்டியை ஒரு நர்சு அப்படிக் கட்டி அணைத்தார். 5 மாதத்தில் அந்தப் பாட்டிக்குக் கிடைத்த முதல் அணைப்பு அது! மேட்ஸ் நிஸ்சன் என்ற டென்மார்க் புகைப்படக்காரர் எடுத்த அந்தப் படம்தான் 2021-ல் உலகப் பத்திரிகைப் படப் போட்டியில் ஆண்டின் சிறந்த படம்.

ஒரு கட்டம் கூடியது

2021 மார்ச் 1-ந் தேதி 60 வயது தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது. கேட்டுகள் மெல்லத் திறந்தன. ஆனால் 2 மாதத்தில் இரண்டாவது அலை! மே மாதக் கடைசியில் ஒரு நாள் பாதிப்பில் கோவை சென்னையையே முந்தியது.

மறுபடி முழு ஊரடங்கு. மே 17-ந் தேதி காலை 6 மணியில் இருந்து வெளியே போக இ-பதிவு கட்டாயம் என்று உத்தரவு வந்தது. இந்த முறை காரணங்களை வாசித்தவர்கள் ஒரு மாற்றத்தைக் கண்டார்கள். திருமணம், உறவினர் இறப்பு, மருத்துவ சிகிச்சை. அதோடு 'முதியோர்களுக்கான தேவை' என்று இன்னொன்று!

ஒரு வருடம் தாமதம். ஆனாலும் வந்தது. உயிரோடு இருக்கும் அம்மாவுக்காகப் போகிற மகனுக்கு அரசுத் தாளில் ஒரு இடம் கிடைத்தது. முதல் பூட்டுக்குச் சாவி செய்துவிட்டார்கள்.

அதே மே மாதம் 30-ந் தேதி கோவையில் ஒரு காட்சி. முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் சிங்காநல்லூர் பக்கம் உள்ள இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு வந்தார். தலையில் இருந்து கால் வரை கவச உடை போட்டார். கொரோனா வார்டுக்கு உள்ளேயே போய், படுத்திருந்தவர்களைப் பார்த்து நலம் விசாரித்தார். நோயாளிகளுக்குத் தைரியம் கொடுக்கவே போனதாகச் சொன்னார்.

மருந்தோடு தைரியமும் வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட நாள் அது. கவச உடை போட்டால் வெளியாள் ஒருவர் உள்ளே போய் வர முடியும் என்பதும் அன்று எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. முதல்-அமைச்சருக்கு முடிந்தது, ஒரு மகளுக்கும் முடிய வேண்டாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ம் ஆண்டு வந்தது. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் ஆர்.டி.ஓ. முன்பு மனு கொடுக்கலாம். சத்திக்காரர்களுக்குக் கோபிசெட்டிபாளையம் கோட்டம். மாதம் 10 ஆயிரம் ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம் என்றது சட்டம். மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 ஏழை முதியவர்கள் தங்கும் இல்லம் வேண்டும் என்றும் சொன்னது. அந்த இல்லத்தில் மருத்துவ வசதி, பொழுதுபோக்கு எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று மாநில அரசு விதி போடலாம் என்றது.

பார்க்க வருகிறவர்களைப் பற்றி அதில் பேச்சு இல்லை. பிள்ளை வராவிட்டால் என்ன செய்வது என்று சட்டம் யோசித்தது. வந்த பிள்ளையை வாசலில் நிறுத்தினால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை.

2020 ஆகஸ்டு 4-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு உத்தரவு போட்டது. முதியவர்களுக்குப் பென்ஷனைத் தாமதம் இல்லாமல் கொடுங்கள், தனியாக இருப்பவர்களுக்கு மருந்து, முகமூடி கிடைக்கச் செய்யுங்கள், முதியோர் இல்ல ஊழியர்களுக்குப் பாதுகாப்புக் கவசம் கொடுங்கள் என்றது. நல்ல உத்தரவு. அடுத்த படி, அதே கவசத்தில் ஒன்றைக் குடும்பத்துக்கும் கொடுப்பது.

இங்கிலாந்தில் அந்தப் படியையும் ஏறிவிட்டார்கள். வாசலில் தவித்த குடும்பங்கள் பல வருடம் போராடின. 2024 ஏப்ரல் 6-ந் தேதி முதல் அங்கே புது விதி. பராமரிப்பு இல்லமோ ஆஸ்பத்திரியோ, தங்கி இருப்பவரைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழி செய்தே ஆக வேண்டும். மிக அரிதான காரணம் இருந்தால்தான் மறுக்கலாம்.

சேர்க்கும் முன் கேளுங்கள்!

கொங்குச் சீமையில் பிள்ளைகள் திருப்பூர், பெங்களூர், அமெரிக்கா என்று போய்விட்டார்கள். கோவையைச் சுற்றி முதியோர் குடியிருப்புகள் பெருகிவிட்டன. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படியே தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேர் 60 வயது தாண்டியவர்கள். இன்று அதைவிட அதிகம்.

இல்லத்தில் சேர்க்கும்போது ரூம் எப்படி, சாப்பாடு எப்படி, மாதம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். இனி இந்த 5 கேள்வியையும் கேளுங்கள்:-

1. தொற்று நோய் வந்தால் வாசலை மூடுவீர்களா? மூடுவது யார் முடிவு? எத்தனை நாளுக்கு ஒரு முறை அந்த முடிவைத் திரும்பப் பார்ப்பீர்கள்?

2. மூடினாலும், 'இவர் மட்டும் வரலாம்' என்று ஒரு ஆளின் பெயரை இப்போதே எழுதி வைத்துக் கொள்வீர்களா?

3. அந்த ஆளுக்குக் கவச உடை, முகமூடி போடக் கற்றுக் கொடுப்பீர்களா? உடைக்குப் பணம் யார் கொடுப்பது?

4. காது கேட்காதவர், கண் தெரியாதவர், ஞாபகம் தவறியவர் இவர்களுக்குப் போனைத் தவிர வேறு என்ன வழி?

5. அம்மாவுக்கு முடியாமல் போனால் எப்போது கூப்பிடுவீர்கள்? மூச்சு வாங்கும்போதா, மூச்சு நின்ற பிறகா?

பதிலை வாயால் சொன்னால் போதாது. சேர்க்கை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எழுதாத பேச்சு நோய் வந்த நாளில் காற்றோடு போய்விடும்.

அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். "நோய் வந்தாலும் பரவாயில்லை, எம்பையன் வரட்டும்" என்பாரா? "வேண்டாஞ்சாமி, நீ பத்திரமா இரு, எல்லாஞ் சரியாகட்டும்" என்பாரா? இரண்டும் நியாயம்தான். ஆனால் 2020-ல் அவரை யாரும் கேட்கவில்லை. 78 வயதுக்காரருக்கு 5 மாதம் என்பது 30 வயதுக்காரரின் 5 மாதம் அல்ல. மீதி இருப்பதில் அது எவ்வளவு பெரிய பங்கு என்று அவருக்குத்தான் தெரியும்.

இன்று சத்தி பஸ் நிலையத்தில் கோவை பஸ் வரிசையாக நிற்கிறது. எல்லையில் யாரும் பாஸ் கேட்பது இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்குப்போசியோடு ஏறுகிறவர்கள் உண்டு. முகமூடியை மறந்துவிட்டார்கள். கேட்டில் நின்றதையும் மறந்து வருகிறார்கள்.

அடுத்த நோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அது வருகிற நாளில் வாட்ச்மேன் கையில் ஒரு நோட்டு இருக்க வேண்டும். அதில் ஒவ்வொரு அம்மாவின் பெயருக்கும் எதிரே, உள்ளே விடவேண்டிய ஒருவரின் பெயர் இருக்க வேண்டும்.

அந்த நோட்டில் பெயர் எழுத, நோய் வரும்வரை காத்திருக்க வேண்டியது இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை போகும்போதே எழுதிவிட்டு வரலாம்.